தெக்கியேரு கப்பலேறிய கதை

இலவசமாக எது வந்தாலும் ஓடிப்போய் வாங்குகிறவர்கள்தான் எங்கள் கிறிஸ்மஸ் தீவில் அதிகம். தெக்கியேரு அப்படியில்லை. அரிசி கொடுத்தால் யார் அனுப்பியது என்பார். கொசுவலை கொடுத்தால் இப்போது எதற்கு என்பார். மேகம் கறுத்தாலும் விசாரித்துவிட்டுத்தான் நனைவார் என்று ஊரில் சிரிப்போம்.

எழுபதைத் தாண்டிய அவர் காயலில் வலை வீசிப் பிழைப்பவர். இடது கண் போய் வெகுகாலம் ஆகிறது. வலது கண்ணிலும் புரை விழுந்ததில், தண்ணீருக்குள் மீன் திரும்பும் மினுக்கம் தெரியாமல் வெறும் வலையோடு வரத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் மருத்துவக் கப்பல் ஒன்று துறைக்கு வந்தது. எங்கள் கிரிபாஸ் நாடு அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. எங்கள் தீவில் வல்லரசுகள் முன்பு நடத்தியது போன்ற குண்டுச் சோதனைகளில் அடிபட்டவர்களுக்கு உதவ வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த வகையில் வந்த கப்பல், ஒரு வாரம்தான் நிற்கும்.

தலைநகர் தாராவாவிலிருந்து கூடவே வந்த இளம் அதிகாரி தோகாவா, தெக்கியேருவின் வீட்டுக்கே போனான்.

"பெரியவரே, கண் ஆபரேசன் இலவசம். நம்ம ஒப்பந்தத்தால வந்தது."

"குண்டு போட்டவங்க அதுல கையெழுத்துப் போட்டாங்களா?"

"இன்னும் இல்ல..."

"அப்ப யாருதான் போட்டது?"

"நம்மள மாதிரி, குண்டு இல்லாத நாடுங்க."

"கத்தியே இல்லாதவன் எல்லாம் கூடி, குத்த மாட்டோம்னு சத்தியம் பண்ணிக்கிட்டீங்களா? நல்லாருக்குடா!"

"நாம விடாம சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் அவங்களுக்கு வெக்கம் வரும்."

"வெக்கம் வந்தா ஆள் அனுப்பு."

மறுநாள் ஊர்ப் பொதுக் கூடத்தில் தோகாவா எல்லோரையும் கூட்டினான். ஜனங்கள் கலகலப்பாக இருக்கட்டும் என்று மிட்டாய் கொடுத்து, வெள்ளைத் துணி கட்டிக் கார்ட்டூன் ஓட்டினான். தெக்கியேரு எழுந்தார். அவர் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள்.

"என்னாச்சு? ஏன் போறீங்க?"

"அன்னிக்கும் இதேதான்டா. எனக்கு ஏழு வயசு. பாதுகாப்புன்னு சொல்லிக் கப்பல்ல ஏத்தி, கீழ்த்தளத்துல அடைச்சு, மிட்டாய் குடுத்து, பொம்மைப் படம் காட்டினாங்க. நாங்க சிரிச்சுக்கிட்டு இருக்கறப்ப வெளியே குண்டு வெடிச்சது. மேல வந்து பாத்தா, பறவையெல்லாம் குருடாகித் தண்ணியில விழுந்து கெடக்கு. இப்ப மறுபடி கப்பல், மிட்டாய், படம். இன்னும் என்னடா மிச்சம்?"

தோகாவா ஓடிப்போய்ப் படத்தை நிறுத்தினான்.

"கண் போனா வலைய எங்க வீசுவ, கூரை மேலயா?" என்றாள் பக்கத்து வீட்டு புவேரியாத்தா.

வாசல்வரை போன தெக்கியேரு திரும்பி வந்து, தோகாவாவின் தாயார் எந்தத் தீவு, யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார்.

"அப்ப நான் உனக்கு மாமன் முறை. புபுத்தி கேக்கறேன்."

புபுத்தி என்று உறவு சொல்லிக் கேட்டதை எங்களில் யாரும் மறுக்க முடியாது. மறுத்தவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"கேளுங்க மாமா."

"கத்தி வெக்கறப்ப நீ சன்னல்கிட்ட நிக்கணும். கரையில என்ன நடக்குதோ, வாய் மூடாம சொல்லணும். மூடினே, எந்திரிச்சுருவேன்."

கப்பலில் ஆபரேசன் அன்று மருத்துவர் அம்மாள் முகம் சுளித்தார், ஆனால் தோகாவாவைச் சன்னலருகே நிற்க விட்டார்.

"பஸ் நிக்குது மாமா. ஒரு பொம்பள துணி காயப்போடுது."

"வானம்?"

"நீலம்."

"யாராவது ஓடறாங்களா?"

"ஒருத்தன் ஓடறான்."

தெக்கியேருவின் உடம்பு விறைத்தது. அசையாதீர்கள் என்று மருத்துவர் கத்தினார்.

"ஐயோ, பன்னியத் தொரத்திக்கிட்டு ஓடறான் மாமா!"

கட்டுப் பிரித்ததும் தெக்கியேரு முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு தோகாவாவின் முகத்தை, வெகு அருகில்.

"மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. இவனை நம்பியா படுத்தேன்?" என்றவர், கையை நீட்டினார். "அந்த ஒப்பந்தத்தக் குடு. நானே படிச்சுப் பாத்துக்கறேன்."