இரண்டு தடவை கீறிய நீலக் கண்ணாடி

"இடிக்கிறவங்களுக்கு ஒரு நிதானம் வேணாமா? நூறு வருஷம் நின்ன கதவு. பொறுமையா கழட்டினா முழுசா வந்துடும். கடப்பாரையைப் போட்டு எப்படிப் பொளந்து வெச்சிருக்கான் பாரு."

பெரியம்மா இதை வாரத்துக்கு மூன்று தடவையாவது சொல்வாள். கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்கே பழைய கட்டடம் இடிபட்டாலும் போய் நிலை, உத்தரம், ஜன்னல் சட்டம் என்று வாங்கிவந்து முன்னறையில் அடுக்கிவிடுவாள். விருந்தாளி உட்கார இடம் கிடையாது. உட்கார்ந்தவர்களும் ஆணி குத்தி எழுந்துவிடுவார்கள்.

அந்த மரத்தில் ஆள் உயரச் சிலைகள் செய்வாள். உடம்பை ஆங்காங்கே குடைந்து வண்ணக் கண்ணாடி பதிப்பாள். வெயில் பட்டால் தபால்காரர் வயிற்றில் பச்சை எரியும். தையல்காரம்மா தோளில் மஞ்சள் வழியும். தெருவில் முக்கால்வாசிப் பேரை மரமாக்கியிருந்தாள்.

பெரியப்பா மட்டும் பாக்கி. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"போறவன் வர்றவனையெல்லாம் செஞ்சாச்சு. கட்டின புருஷன்தான் உன் கண்ணுக்குத் தெரியல."

"உங்க தொப்பைக்குத் தோதா மரம் கிடைக்கணுமே டிரைவரே. தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

கடைசியில் கிடைத்தது. அவர் வேலை பார்த்த டிப்போவை இடித்தபோது, டிரைவர்கள் சாய்ந்து கிடந்த நீள பெஞ்சை வாங்கிவந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெரியப்பா உட்கார்ந்திருப்பார், அவருக்கு முன்னால் நீலக் கண்ணாடியில் வானம் தெரியும் என்பது அவள் கணக்கு. நீலத்தில் மூன்று தகடு வைத்திருந்தாள். அதே நிறம் இனிக் கிடைக்காது.

அந்த மாதம்தான் கை நடுக்கத்துக்கு டாக்டரிடம் போனாள். இது குறையாது, கூடத்தான் செய்யும் என்றார் அவர்.

"கூடுறதுக்குள்ள இந்த ஒண்ணை என் கையால முடிச்சிடணும்" என்று அம்மாவிடம் சொன்னாள். தங்கையிடம் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மரவேலையை எப்படியோ முடித்துவிட்டாள். கண்ணாடிதான் பிடி கொடுக்கவில்லை. வெட்டும் சின்னச் சக்கரத்தை ஒரே அழுத்தத்தில், ஒரே தடவை ஓட்ட வேண்டும். விழுந்த கோட்டின் மேலேயே மறுபடி ஓட்டினால் ஓரம் பொடியாக உதிர்ந்து பொரிந்துவிடும். அவள் கையோ கோட்டின் நடுவில் துள்ளியது. முதல் தகடு கோணலாகப் பிளந்தது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதைத் துணி போட்டு மூடிவிட்டு, மத்தியானம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் தூங்கிய அந்த ஒரு மணி நேரத்தில் பெரியப்பா துணியை எடுத்தார். வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு வெட்டத் தெரியாமலா போகும்? ஆனால் மனுஷன் டிரைவர். பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்ப்பார், வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். சக்கரத்தையும் இரண்டு தடவை ஓட்டினார்.

எழுந்து வந்தவள் மேஜையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"இது எப்ப வெட்டினது?"

"நேத்து நீதானே வெட்டி வெச்சே. மறந்துட்டியா?"

பெரியம்மா ஓரத்தை விரலால் தடவினாள். சர்க்கரை மாதிரி நறநறத்தது.

"வயசாச்சு. மறந்துதான் போச்சு" என்றாள்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தாள். "பாவம்டி, ரெண்டு தடவை ஓட்டியிருக்கார்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோக, போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் தினமும் மத்தியானம் தூங்கினாள். தூக்கம் வராத நாளிலும் கண்ணை மூடிக் கிடந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் துண்டுகள் மேஜையில் இருந்தன. அவள் பதித்தாள், உள்ளங்கையால் அழுத்தினாள். டிரைவர் சிலை முடிந்தபோது அவளால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

சிலையைக் கட்டிலுக்கு எதிரே, ஜன்னலோரமாக வைத்தோம். அதில் ஒரே ஒரு குறைதான். தன் சிலை ஒவ்வொன்றிலும் குதிகாலுக்குப் பின்னால் உளியால் சின்னதாக ஒரு பிறை செதுக்குவாள். இதில் செதுக்கவில்லை. பெரியப்பா சிலையைக் கட்டிலருகே இழுத்துவந்து, உளியை அவள் கையில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கறேன். நீ போடு. உன்னோடதுன்னு இருக்கட்டும்."

அதற்கப்புறம் பெரியம்மா நாலு நாள்தான் உயிரோடு இருந்தாள்; எங்கள் யாரிடமும் பேசவில்லை. அன்று உளியை அவர் பக்கமே தள்ளிவிட்டுக் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நான் வெட்டாத கண்ணாடிக்கு என் பிறை எதுக்கு? தெரியாத மாதிரி இருந்தேன், தெரியாமயா இருந்தேன்? உங்க குறியைப் போடுங்க டிரைவரே. ஓரமெல்லாம் ஏன் இப்படிப் பொரிஞ்சு கிடக்குன்னு கேக்கறவன் உங்களையே கேக்கட்டும்."