பங்குக் கிணற்றைச் சுற்றி வளைந்த வட்டார எல்லை

விடுமுறை கிடைத்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் கடற்கரைக்குப் போவார்கள். நான் எல்லைக்கோடு பார்க்கப் போகிறவன். வீட்டில் இதற்குப் பைத்தியம் என்று பெயர்.

போன மாசியில், யாழ்ப்பாணத்துப் பிரதேச சபை ஒன்றின் வட்டாரங்களைத் திருத்தும் வரைவு வெளியானது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் என்பதால், எந்த வீடு எந்த வட்டாரத்தில் விழுகிறது என்பதில்தான் வெற்றி தோல்வியே இருக்கிறது. நண்பன் ஒருவன் வரைபடத்தைக் கைபேசிக்கு அனுப்பினான். நேராக வந்துகொண்டிருந்த கோடு புத்தூர்ப் பக்கம் ஓர் இடத்தில் திடீரென உள்ளே வளைந்து, ஆறு வீடுகளை வெளியே தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி வீதிக்கு ஏறுகிறது. இப்படி ஒரு வளைவு சும்மா வராது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அந்தச் சனிக்கிழமையே திருகோணமலையில் பஸ் ஏறிவிட்டேன்.

யாழ். நகரில் சைக்கிள் வாடகை நாளுக்கு எண்ணூறு ரூபாய். பருத்தித்துறை வீதியில் நீர்வேலி வரை ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர், புத்தூருக்கு மேலும் ஐந்து. மேடு பள்ளம் கிடையாது, ஆனால் மாசியில் எதிர்க்காற்று முகத்தில் அறையும். நீர்வேலியில் இறங்கி ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் வாங்கினேன். பாதியை அங்கேயே முடித்துவிட்டேன், மீதி சைக்கிள் கூடையில் வந்தது.

கோடு வளையும் இடம், தோட்டங்களுக்கு ஊடாகப் போகும் ஒடுங்கிய ஓர் ஒழுங்கை. (ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.) இடது பக்கம் வாழை, வலது பக்கம் வெங்காயம், நடுவே ஒரு பெரிய கிணறு. கைபேசியும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்த என்னை, வெங்காயப் பாத்தியில் நின்ற பெண் ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, காணி பாக்க வந்தனீங்களோ?"

"இல்லை அக்கா, வட்டார எல்லை பாக்க வந்தனான்."

அவர் சிரித்துவிட்டார். பெயர் சுகந்தினி. சுயேச்சையாக நின்று, சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்ற அந்த வட்டாரத்தின் உறுப்பினரே அவர்தானாம். என் அதிர்ஷ்டத்தை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோற்ற கட்சிக்காரர் ஒருவர் யார் யாரையோ பிடித்து அந்த வளைவைப் போடவைத்தார் என்பது சுகந்தினியின் கணிப்பு. அந்த ஆறு வீட்டாருக்கும் சுகந்தினிக்கும் அந்தக் கிணற்றில் பங்கு. பரம்பரையாக வந்த பங்குக் கிணறு. எல்லோரும் சொந்தக்காரர்கள், ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை.

"ஒரே கிணறு, ஒரே சொந்தம், ஒரே வோட்டு எண்டு நினைச்சிட்டார்," என்றார் சுகந்தினி. "அவருக்குப் பங்குக் கிணறு இருந்திருந்தா உப்பிடி யோசிச்சிருக்க மாட்டார்."

"ஏன் அக்கா?"

"இறைப்பு முறைச் சண்டை தம்பி. ரெண்டு வருசமா உந்த ஆறு வீடும் என்னோடை கதைக்கிறேல்லை. ஒருத்தரும் எனக்கு வோட்டுப் போடவுமில்லை."

பாத்தி வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரைத் தோற்கடிக்கப் போட்ட கோடு, அவருக்கு எதிரான வாக்குகளையல்லவா வாரிக்கொண்டு போகிறது! எத்தனையோ கோடுகள் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. பேசாமல் விட்டால் அடுத்த முறையும் அவர்தான். ஆதரவாளர்களும் அதையேதான் சொன்னார்களாம்.

அவர் விடுவதாக இல்லை. "மழைக்கு இந்த ஒழுங்கை முழுக்க வெள்ளம். வாய்க்கால் வெட்டப் போனா, பாதி உம்மடை வட்டாரம் இல்லை எண்டுவினம். வெள்ளம் என்ன, வட்டாரம் பாத்தே வரும்?"

ஆட்சேபணைக்குத் திங்கட்கிழமைதான் கடைசி. வெட்டப்பட்ட வீட்டார் கையெழுத்து வைத்தால்தான் அதற்குப் பலம். அவர்களோ இவருடன் பேசுவதில்லை. நான் போய்க் கேட்கட்டுமா என்றேன். அவர் வீட்டுக்குப் போய், எழுதி வைத்திருந்த ஆட்சேபணைத் தாளை எடுத்துவந்து தந்தார்.

முதல் வீடு சிவபாதம் அண்ணையுடையது. சண்டையைத் தொடக்கியவரே அவர்தானாம். வாசல் படலையில் நின்றபடியே தாளை வாசித்தார்.

"உவளுக்கு நான் ஒருநாளும் வோட்டுப் போட மாட்டன், தெரியுமோ?"

"ஓம் அண்ணை, சொன்னவ."

"ஆனா உவளுக்கு எதிராப் போடுறதெண்டாலும் நான் இந்த வட்டாரத்திலை இருக்க வேணுமெல்லே? அங்காலை ஆரை எனக்குத் தெரியும், கோவிக்கிறதுக்கு?"

சேர்ட் பொக்கெற்றிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். மற்ற ஐந்து வீட்டுக்கும் அவரே என்னைக் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்கித் தந்தார். வழி நெடுகச் சுகந்தினியைத் திட்டிக்கொண்டே வந்தார். அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வரைவு வரைபடத்தைப் பிரதேச சபையில் கேட்டுப் பாருங்கள், அது இரகசியம் இல்லை. வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். வரம்பில் மட்டும் நடங்கள், வெங்காயப் பாத்தியை மிதித்தால் யாரும் பொறுக்க மாட்டார்கள். கோடு எங்கே வளைகிறதோ அங்கே நின்று ஆட்களோடு பேசுங்கள். வரைபடத்தில் வீடுகள் வெறும் புள்ளிகள், யார் யாரோடு பேசுவதில்லை என்பது அதில் இருக்காது.

போன கிழமை சுகந்தினி அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஆட்சேபணையை ஏற்றுக் கோட்டை நேராக்கிவிட்டார்களாம். அடுத்த தேர்தல் கஷ்டம்தானே என்று கேட்டேன்.

"கஷ்டந்தான் தம்பி," என்றார். "இனிச் சிவபாதண்ணை வீட்டுப் படலையிலையும் போய் நிண்டு வோட்டுக் கேக்க வேணும்."