ரூத்துக்கு வைத்த முதல் தட்டு

சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்கியபோது என் பேத்தி ரூத் பள்ளிக்கூட மேட்டில் ஏற முடியாமல் திணறினாள். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். கூடப் போன பிள்ளைகள் அவளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாள் பாதி மேட்டிலிருந்து திரும்பி வந்து, இனிப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். பேசிச் சமாதானப்படுத்தித்தான் மறுபடி அனுப்பினேன். அவளுக்கு அப்போது பத்து வயது.

அவிசாவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் என்னைச் "சீயா" என்று தாத்தா முறை வைத்து அழைத்துச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சீனி வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, இப்படியே எடை ஏறினால் வந்துவிடும். இனிப்பையும் மாப் பண்டங்களையும் குறையுங்கள், ஓடி விளையாட விடுங்கள், பிள்ளையை ஏசாதீர்கள் என்றார். என் மனைவியின், ரூத்தின் ஆச்சியின், காலை எடுத்தது அந்த வியாதிதான். பிறகு அவளையே கொண்டுபோனது. பஸ்ஸில் ரூத் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் எங்கள் ஊர் தெஹியோவிட்ட வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கண் நிறைந்தது.

அவளுடைய தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். பிள்ளை என் பொறுப்பு. நான் ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். எத்தனையோ வருடம் ரப்பர் பாலை நிறுத்துக் கணக்கெழுதிய கை, சும்மா இருக்காது. பிஸ்கட்டை எண்ணினேன். தேத்தண்ணிக்குச் சீனியை அரைக் கரண்டியாக்கினேன். சோற்றை அகப்பைக் கணக்கில் போட்டேன். சோடாவை வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் அடுத்த கிளினிக்கில் எடை இன்னும் இரண்டு கிலோ கூடியிருந்தது. "ஆண்டவரே, என் கணக்கில் எங்கே பிழை? எனக்குக் காட்டும்" என்று முழங்காலில் நின்று கேட்டேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் கீழ் லயத்திலும் விசுவாசிகள் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் முறை வைத்து ஜெபக்கூட்டம் நடக்கும். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்களுக்கு முதல் தட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். வாராவாரம் ரூத்தின் சுகத்துக்காக ஜெபிக்கச் சொன்னது நான்தான். எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஆமென் சொன்ன கையோடு முதல் தட்டு அவளுக்கு வந்தது. பனிஸ், கேக், வாழைப்பழம், பால் தேத்தண்ணி. ஜெபித்துக் கொடுத்த பலகாரம் தீங்கு செய்யாது என்று எங்களுக்கு ஓர் எண்ணம். அதனால் நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மற்ற நாட்களிலும் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் பக்கத்து வீட்டு ஞானம்மா வீட்டில். நல்ல மனுஷி. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கேக்கை வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"என்னா கணக்கப்புள்ள மாமா, கேக்கையும் நிறுக்கப் போறீங்களா? திங்கிறத எண்ணாதீங்க, புள்ளைக்கு ஒடம்புல ஒட்டாது."

"ஒட்டாம இருந்தாத்தான் நல்லதும்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரூத் மட்டும் சிரிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் போதகர், "இன்னைக்குச் சின்னப் புள்ளைங்க யாராச்சும் ஜெபம் பண்ணுங்க" என்றார். என் பக்கத்தில் ரூத்தின் குரல் கேட்டது.

"ஏசப்பா, எனக்கு மேடு ஏறுனா மூச்சு வாங்குது. தாத்தா எனக்கு ஆச்சி மாதிரி ஆயிரும்னு பயப்படுறாரு. எனக்கும் பயமா இருக்கு. அத்தைங்க எல்லாம் சாப்பிடு சாப்பிடுன்னு குடுக்குறாங்க. வேணாம்னு சொன்னா அவுங்க மூஞ்சி வாடிப் போயிருது. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களே அவுங்ககிட்ட சொல்லிருங்க. ஆமென்."

நான் கேட்ட கேள்விக்குப் பதில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஞானம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து வந்து ரூத்தைக் கட்டிக்கொண்டாள். "சொல்லிட்டாருடி தங்கம், சொல்லிட்டாரு. அத்தை காதுல நல்லா விழுந்துருச்சு" என்றாள். அன்று கேக் தட்டு மூடியபடியே இருந்தது. எல்லாரும் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த வாரத்திலிருந்து கூட்டங்களில் அவித்த கடலையோ பப்பாளித் துண்டோதான். முதல் தட்டு வழக்கத்தை விட்டுவிட்டோம். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்கள் விரும்பும் பாட்டை முதலில் பாடுகிறோம். லயத்துப் பெண்கள் இப்போது ரூத்தைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள், தலை பின்னிவிடுகிறார்கள், ஆனால் தின்னக் கொடுப்பதில்லை. பின்னேரம் ஞானம்மாவின் மகள்களோடு ரூத் பந்து விளையாடுகிறாள். நான் பிஸ்கட் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன், அவளே சொல்கிறாள்.

எல்லாம் ஒரே நேராகப் போகவில்லை. ஏசு பிறந்த நத்தாருக்கு நன்றாகச் சாப்பிட்டாள், எடை கொஞ்சம் ஏறியது. நான் பதறினேன். அவள் பதறவில்லை. கடைசியாகப் போன கிளினிக்கில் அவள் உயரம் கூடியிருந்தது, எடை கூடவில்லை. இரத்தத்தில் சீனி சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மனம் தளராதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் கேட்கிறார். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, அதன் வாயாலேயே ஜெபிக்க விடுங்கள். நமக்கு வரவேண்டிய பதிலை அவர் அந்தப் பிள்ளையின் நாவில் வைத்திருக்கக்கூடும். இன்று காலை ரூத் அந்த மேட்டின் உச்சியில் நின்று, கீழே நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.