பேர் வெட்டிய டம்ளர்

என் அம்மா எனக்கு விஷம் வைக்கிறாள் என்று ஐந்தாம் வகுப்பில் நான் ஏறக்குறைய முடிவுக்கே வந்திருந்தேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய பால்தான். ஆனால் காதுகுத்துக்குச் சீராக வந்த, என் பேர் வெட்டிய டம்ளரில் ஊற்றிய பால் மட்டும் கசந்தது. அதில் அம்மா அள்ளிப் போட்ட நாட்டுச்சர்க்கரை சந்தேகத்தை இன்னும் கூட்டியது. சர்க்கரை டப்பாவைத் தொட்டாலே கையில் ஒன்று போடுகிறவள் அவள்.

அப்போது ஓசூர் பக்கம் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. எனக்கு என்னவோ இருந்தது. என்னவென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. வாய் ஓயாமல் பேசுவேன், திடீரென்று இரண்டு நாள் பேச்சே வராது. ஒருநாள் இன்டர்வெல்லில் பள்ளியைவிட்டு வெளியேறி, லாரிகள் பறக்கும் பெங்களூர் ரோட்டில் போய் நின்றேனாம். எனக்கு அது ஞாபகமில்லை. ஓசூர் டாக்டர் ஒருவர் ஒருவகை வலிப்பு என்றார். பெங்களூர் டாக்டர் மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்லி, ஃபைலில் ஒரு நோயின் பேரை எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"பாஸா ரிஜெக்டானு சொல்லாம கேள்விக்குறி போட்டா எப்படி?" என்று அப்பா புலம்பினார்.

ஆறு மாதம் மாத்திரை கொடுத்தபின், அதை நிறுத்திப் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும், இரண்டு மாதம் கொடுக்கவே கூடாது என்றார் பெங்களூர் டாக்டர். பால் கசக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

நான் துப்பறிய இறங்கினேன். அம்மாவும் வீட்டுக்காரம்மாவும் என்னைக் கண்டதும் தெலுங்குக்கு மாறினார்கள். திண்டுக்கல்லிலிருந்து வரும்போது அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. என்னிடம் மறைப்பதற்கென்றே கற்றுக்கொண்டாள் போலிருக்கிறது. ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதையோ கரண்டியின் அடியால் நசுக்கி, வெள்ளைப் பொடியை என் டம்ளரில் தட்டினாள். எலி மருந்தேதான் என்று நினைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"கேட்டீங்களா உங்க மக பேச்ச," என்று அம்மா அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அப்பா ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை. எனக்கு நோய் முற்றிவிட்டது என்று நினைத்தாராம்.

இரண்டு மாதம் முடிந்து பெங்களூர் போனபோது டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "மாத்திரை இல்லாமலே நல்லா இருக்காளே!" என்றார்.

அப்பா தயங்கித் தயங்கி, "இப்ப புதுசா ஒண்ணு சொல்றா சார்," என்று என்னைக் கைகாட்டினார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. காதில் குரல் கேட்கிறதா, வேறு யாரும் உன்னைக் கொல்லப் பார்க்கிறார்களா என்றெல்லாம் கேட்டு மடமடவென்று எழுதினார். "இது வேற மாதிரி போகுது. இன்னைக்கே அட்மிட் பண்ணிடுங்க," என்றார் அப்பாவிடம். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது.

அதுவரை சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள்.

"எழுதாதீங்க சார். அவ சொல்றது நெசந்தான். மாத்திரைய நிறுத்துனா மறுபடி ரோட்டுக்குப் போயிருவாளோன்னு பயம். வீட்ல மிச்சமிருந்தத நாந்தான் பால்ல கலந்து குடுத்தேன்."

டாக்டர் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாதம் வீண், நீயெல்லாம் ஒரு தாயா என்றார். எழுதியதை அடித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். அப்பா அம்மாவை யாரோ மாதிரி பார்த்தார். பஸ்ஸிலும் அவள் பக்கத்தில் உட்காராமல் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

"பாத்தியாப்பா, நான் சொன்னேன்ல!" என்று நான் சீட்டில் ஏறி நின்று திரும்பிக் கத்தினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

டாக்டரின் அறையில் என் பேச்சை நம்ப ஒருத்தரும் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளை யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் அந்த ஆஸ்பத்திரியில் தங்கியிருப்பேன். அதெல்லாம் புரியாமல், தூக்கத்தில் கண் சொக்கியும், அவள் மடியில் தலை வைக்க மாட்டேன் என்று ஓசூர் வரும்வரை விறைப்பாக உட்கார்ந்து வந்தேன்.