அரை நொடி முந்தியவன்

1946இல் எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பாதிப் பேர் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். ஆர்விட் ஹாகனுக்கு அப்போது இருபத்தேழு வயது. பள்ளிக்கூடம் முடித்து நேராக வந்திருந்த பயல்கள் அவனைப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் சிரித்துக்கொள்வான். பாதி நேரம் அவன் காதில் அது விழவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பெல்ஜியத்தில் பீரங்கிப் படையில் இருந்தவன். இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காதில் அரைகுறையாகக் கேட்கும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவான். ஆடுகளத்தில் அது நடக்காது. முன்வரிசையில் நாங்கள் ஏழு பேரும் குனிந்து நிற்போம். பின்னாலிருந்து ஒருவன் எண்களைக் கத்துவான். பேசிவைத்த எண் வந்ததும் பந்து அவன் கைக்குப் போகும், நாங்களும் எதிரணி மேல் பாய வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் தண்டனை.

பயிற்சியின் முதல் வாரத்திலேயே என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனான்.

"கஸ், நீ எம் பக்கத்துலதானே நிக்கிற? அந்த எண் வந்ததும் முழங்கையால விலாவுல ஒரு இடி இடிச்சுடு. போதும்."

"கோச்கிட்ட சொல்லிடேன்டா."

"சொன்னா வெளிய உக்கார வெச்சுடுவாரு. அப்புறம் ஊர்ல எவன் எனக்கு கோச் வேலை குடுப்பான்? யார்கிட்டயும் மூச்சு விடாத. எல்னாகிட்டகூட."

எல்னா அவன் மனைவி. திருமணமான மாணவர்களுக்கென்று கல்லூரி போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகை ஒன்றில் இருவரும் குடியிருந்தார்கள். அவன் ஊர்ப் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர் வேலை காலியாகவிருந்தது. அதை வாங்கிவிட்டால் அவளுக்குத் தோட்டம் வைத்த வீடு ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

அந்தப் பருவம் ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் ஜெயித்தோம். என் முழங்கை காய்த்துப்போனது. அவன் விலா கன்றிக் கறுத்துக் கிடந்தது. அவனைப் போல எதிரியைப் புரட்டித் தள்ளும் ஆள் மாநிலத்தில் இல்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

எட்டாவது ஆட்டம்தான் கடைசி. கோப்பை அதில்தான். ஊரே திரண்டு வந்திருந்தது. அவன் ஊர்ப் பள்ளி நிர்வாகி மிஸ்டர் லிண்ட்கிவிஸ்டும் அவனைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்.

மூன்றாவது பகுதியில் என் தோள் எலும்பு முறிந்தது. வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துப் போர்வையைப் போர்த்தினார்கள். என் இடத்துக்கு வெர்ன் என்ற முதலாண்டு மாணவன் ஓடினான். அவனை நிறுத்திச் சொல்ல வாயெடுத்தேன். ஆர்விட் களத்திலிருந்தே என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவன் அரை நொடி பிந்தினான். பந்து நகர்வதை ஓரக்கண்ணால் பார்த்த பிறகுதான் பாய முடிந்தது.

"ஹாகன், தூங்குறியா?" என்று கோச் கத்தினார். அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

ஆறு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடம். எல்லைக்கோட்டுக்கு இரண்டே கெஜம். வாத்தியக் குழு முழங்கியது, கூட்டம் எழுந்து நின்று அலறியது. இந்தத் தடவை பிந்தக் கூடாது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். மனக்கணக்கில் எண்ணிப் பாய்ந்தான். அரை நொடி முந்திவிட்டான். எங்கள் ஆள் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தான். நடுவர் விசிலை ஊதி, முந்திப் பாய்ந்தான் என்று ஆர்விட்டைக் காட்டினார். புள்ளி செல்லாது என்று எங்களைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். அடுத்த முயற்சியில் பந்து கை நழுவியது. ஆட்டம் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் ஆர்விட் சுவரைப் பார்த்துக் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வெர்ன் அழுதுகொண்டே அவன் முதுகைப் பார்த்துக் கத்தினான்.

"ஏன் பெரியப்பா, உனக்கென்ன காது செவிடா?"

ஆர்விட் திரும்பவில்லை. அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தோளில் கட்டோடு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் படிப்பை விட்டுவிட்டுத் தன் ஊருக்குக் கிளம்பினான். எல்னா அவனோடு போகவில்லை. தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

வசந்தத்தில் தாங்க முடியாமல் அவளைத் தேடிப் போனேன். சமையலறையில் உட்கார வைத்துக் காபி ஊற்றினாள். எல்லாவற்றையும் சொன்னேன். காபிக் கெண்டியை மேசையில் வைத்துவிட்டு அதன் பிடியை விடாமல் நின்றாள்.

"விளக்கை அணைச்சப்புறம் நான் பேசுவேன் கஸ். தினமும். அவர் ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டார். என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நெனைச்சேன். ஒரு நாள் அழுதுகிட்டே கேட்டேன், நான் போயிடட்டுமான்னு. அதுக்கும் பேசாமத்தான் படுத்திருந்தார்."

மறுநாளே அவனைப் பார்க்கப் போனாள். தானியக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்து, உதட்டை அசைத்து அசைத்துப் பேசியிருக்கிறாள். 'பாவம் பார்த்துத் திரும்பி வர வேணாம்' என்றானாம். இன்னும் இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை அவன் வெளியே வரவே இல்லை.

அந்த ஆண்டு கோடையில் லிண்ட்கிவிஸ்ட் எனக்குக் கடிதம் எழுதினார். பயிற்சியாளர் வேலை எனக்குத்தான் என்றார். ஏற்றுக்கொண்டேன். பத்தொன்பது ஆண்டுகள் அவன் ஊரில் அந்த வேலையைப் பார்த்தேன். கிடங்கு பள்ளியிலிருந்து நான்கு தெரு தள்ளி. சாலையில் எதிர்ப்பட்டால் ஆர்விட் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வான். அவன் முகத்தில் கோபம் இருந்ததே இல்லை. நின்று பேச நான்தான் ஒருநாளும் துணியவில்லை.