குழிக்குப் போகாத பேஸ் கிட்டார்

தொலைந்த கிட்டார் திரும்பிக் கிடைத்த கதையைச் சொல்லாத வாத்தியக்காரனே கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். பழைய சாமான் கடையில் கண்டேனாம், கழுத்திலிருந்த கீறலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்ததாம், அழுதேனாம். என் முறை வந்தால் வெற்றிலை வாங்கப் போவதாக எழுந்துவிடுவேன். எனக்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் அது தொலைந்து போனதில்லை, நான் ஒளித்து வைத்தது.

அது என் அண்ணனுடைய பேஸ் கிட்டார். தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அவர் ரப்பர் பால் வெட்டினார். சனி ஞாயிறில் திருவிழா, கல்யாணம், சிங்களக் கிராமங்களில் மியூசிக்கல் ஷோ என்று எங்கள் குரூப்போடு போவார். நானும் அதே குரூப்பில் சாதாரண கிட்டார் வாசித்தேன். பேஸை மட்டும் என்னைத் தொட விடமாட்டார். "ஒன் கை வேர்க்கும்டா, கம்பி துருப்பிடிச்சிரும்" என்பார். புதுக் கம்பி வாங்க வசதியில்லை. பழைய கம்பியைக் கழற்றி அண்ணியின் சோற்றுப் பானையில் போட்டு அவிப்பார். அழுக்கு இறங்கினால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் மணி மாதிரி வரும். "சோத்துக்குப் பதிலா இதையே திங்கப் போறீங்களா?" என்று அண்ணி கத்துவார். கத்திக்கொண்டே அடுப்புக்கு விறகும் தள்ளுவார்.

ஒரு நாள் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

எங்கள் பக்கம் செத்தவருக்குப் பிடித்த சாமானைக் கூடவே குழியில் வைப்போம். சட்டை, வெற்றிலைப் பெட்டி, ஒருவருக்கு ரேடியோகூட வைத்திருக்கிறோம். அண்ணி பேஸைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். "அவரு கூடவே போவட்டும் தம்பி. வெறுங்கையோட அனுப்பாதீங்க" என்றார். அது பெட்டிக்குள் கொள்ளவில்லை. மழையில் அவசரமாக வெட்டிய குழியும் குறுகல். நாளைக்குப் பால் ஊற்ற வரும்போது புதைத்துக்கொள்ளலாம் என்று ஆட்கள் சொன்னார்கள். எங்கள் லயத்துக்கு, ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பரா வரிசைக்கு, கீழேதான் பிணம் புதைக்கிற குழிமேடு, ஆனாலும் எங்கள் பொம்பளைகள் அங்கே வருவதில்லை. மறுநாள் அடைமழையில் நான் தனியாகப் போய்ப் பால் ஊற்றினேன். திரும்பி வந்து அண்ணியிடம் "வச்சிட்டேன்" என்றேன். பேஸ் அப்போது தெரணியகலையில், ரேடியோ திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவின் கடைப் பரணில் கிடந்தது.

நல்ல மரம், எதற்கு மண்ணுக்குப் போக வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயமாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து அதை உரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் என் காம்பராவுக்குக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்திச் சாக்கை அவிழ்த்ததும் ரப்பர் பாலின் புளித்த வாடை. கழுத்துக்குப் பின்னால் அண்ணனின் கட்டைவிரல் தேய்த்த இடம் வழவழவென்று இருந்தது. என் விரலை அங்கே வைத்தேன், அழுகை வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் சொல்வதெல்லாம் பொய்யில்லை.

ஏம்ப் இல்லாவிட்டால் பேஸ் வெறுமனே முணுமுணுக்கும். அதன் தலையை மர அலமாரியில் அழுத்தி வைத்து வாசித்தால் பலகை அதிர்ந்து சத்தம் கொஞ்சம் பெருகும். நானும் அப்படித்தான் வாசித்தேன். அலமாரி ஒட்டி நின்ற சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் காம்பரா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துணி துவைக்க ஆற்றுக்குப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷாவருஷம் தெவசத்துக்கு அண்ணி இரத்தினபுரிக்கு பஸ் ஏறிப் போய் புது பேஸ் கம்பி ஒரு பாக்கெட் வாங்கி வருவார். "மண்ணுக்குள்ள துருப்பிடிச்சிருக்கும். அவரு தலமாட்டுல வச்சிட்டு வாங்க தம்பி." உயிரோடு இருந்தவரைக்கும் அண்ணனுக்குக் கிடைக்காத புதுக் கம்பி. அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து எங்கே மாட்டினேன் என்று வேறு சொல்ல வேண்டுமா? காறித் துப்புங்கள், துடைத்துக்கொள்கிறேன்.

போன மழைக்கு லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டது. கிராம சேவகர் வந்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். எல்லாக் காம்பராவும் காலியாயின. அண்ணி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "அக்கே, கந்த கடாகென வெட்டெனவா" என்று அந்த மனிதர் கெஞ்சினார். மலை இடிந்து விழும் என்கிறார், அண்ணியோ "விழட்டும் மாத்தயா" என்கிறார். அவர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனார். நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னா அண்ணி, பைத்தியமா ஒங்களுக்கு? சாகப் போறீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லிறாதீங்க தம்பி. ஒங்க அண்ணே வர்றாரு. ஞாயித்துக்கெழமயானா செவுத்துக்குள்ள வாசிக்கிறாரு. அதக் கேக்கத்தான் நான் ஆத்துக்கே போறதில்ல. போன தெவசத்துக்கு நீங்க வச்ச கம்பிய மாட்டிட்டாரு போல, அப்புடித் தெளிவா இருக்கு சத்தம். நான் போயிட்டா அவரு யாருக்கு வாசிப்பாரு?"

பின்னால் மண் உதிரும் சத்தம் கேட்டது. வாயைத் திறக்காவிட்டால் இவர் இங்கேயே கிடந்து சாவார். என் காம்பராவுக்குள் போய் பேஸை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

செருப்பால் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அவருகூட என்னா இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"வெறுங்கையோடயா கெடக்காரு, இத்தன வருஷமா?"

அண்ணி பேஸைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

மூன்றாம் நாள் மலை இறங்கியது. அண்ணி உயிரோடு இருக்கிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. மழை விட்டதும் பேஸையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு குழிமேட்டுக்குப் போனேன், இப்போதாவது வைத்துவிடலாம் என்று. மேடு இல்லை. எங்கள் காம்பராக்களை இழுத்த மண் அதையும் சேர்த்து ஆற்றுவரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அண்ணன் எங்கே கிடக்கிறார் என்று தெரியாமல், எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியாமல், பேஸோடு நின்றுகொண்டிருந்தேன்.