ஆஸ்லோவில் மூன்று நாள், விசா படிவத்தில் ஒரு கட்டம்

சென்ற ஆண்டு, 2000 மே மாதம், திங்கட்கிழமையும் விடுமுறையாக வரும் மெமோரியல் டே வார இறுதியோடு வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு சேர்த்து ஆஸ்லோ போய்வந்தோம். நான், மனைவி வதனி, ஆறு வயது மகள் அபி. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து இவ்வளவு குறைந்த நாட்களில் ஐரோப்பா போய்வர முடியுமா என்று நண்பர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாக மெயில் எழுதி அலுத்துவிட்டதால் இந்தப் பக்கம்.

ஆஸ்லோவுக்கு ஏன் என்றால், வதனியின் அண்ணன் குகன் அங்கே இருக்கிறார். வதனி யாழ்ப்பாணத்துக்காரி, நான் சென்னை. 1988இல் அண்ணன் அகதியாக நார்வே போனார். எங்கள் கல்யாணத்துக்கு அவரால் வரமுடியவில்லை, அப்போது அவர் கையில் காகிதங்கள் இல்லை. காகிதங்கள் வந்தபிறகு அமெரிக்க விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். ஆக அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு காலையில் போன் பேசுவதோடு சரி.

எனக்குத் திட்டம் போடும் வியாதி உண்டு. காஸ்ட்கோ கடைக்குப் போவதற்கே பட்டியல் போடுகிறவன், ஆஸ்லோவுக்கு விடுவேனா? நீல நிற ஃபைல் ஒன்று வாங்கி, இன்டர்நெட்டிலிருந்து வரைபடம், படகு நேரம், டிராம் அட்டவணை எல்லாம் அச்செடுத்துக் கோத்தேன். அதில் ஞாயிறு மாலை மூன்று முதல் நான்கரை வரை ‘அண்ணா வீடு’ என்று போட்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒன்றரை மணி நேரம். எழுதும்போது எனக்கு அது உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஓட்டலில் தங்கலாம் என்று முடிவு செய்ததும் நான்தான். வதனி பெரிதாக எதிர்க்கவில்லை. “அவற்ற வீட்டை நிக்கிறம் எண்டு சொன்னால் அண்ணா ஒரு கிழமை லீவு போட்டிட்டு நிப்பார். அவருக்கு ஏன் கரைச்சல்” என்றாள். ஆனால் போனில் அண்ணனிடம் ஓட்டல் என்று அவள்தான் சொன்னாள். “சரி, உங்கட வசதி” என்று போனை வைத்துவிட்டாராம். அன்று முழுக்க வதனி சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது விசா. அபிக்கு அமெரிக்க பாஸ்போர்ட், அவளுக்குத் தேவையில்லை. எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு இருந்தாலும் நார்வே விசா வேண்டும். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் காலை 7:20 ரயிலைப் பிடித்து, நியூயார்க்கில் உள்ள நார்வே தூதரகத்தில் படிவம் வாங்கிவந்தேன். படிவம் நாலு பக்கம். தங்கும் இடத்துக்கு ஒன்று ஓட்டல் ரசீது கொடுக்க வேண்டும், அல்லது அங்கே இருப்பவரின் அழைப்புக் கடிதம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: நார்வேயில் உறவினர் யாரும் உண்டா?

இருவர் படிவத்திலும் நானே ‘இல்லை’ என்று எழுதினேன். அண்ணனுக்கு இரண்டு முறை விசா மறுத்த பயம் எங்கள் வீட்டில் அப்படியே இருந்தது. அகதியாக வந்த உறவினர் என்று எழுதப்போய் வதனிக்கும் மறுத்துவிட்டால்? நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் படிவம் நிரப்புகிறோம், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது, கேட்டதிலும் பாதி போதும். வதனி தன் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள், பிறகு எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். விசா எட்டு நாளில் வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, வதனி படிவத்தின் நகலையும் ஃபைலில் கோத்துவைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் 2:15க்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். நியூவர்க் விமான நிலையம் நாற்பது மைல்தான், ஆனால் நீண்ட வார இறுதி என்பதால் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். விமானம் 5:40க்கு. டிக்கெட் பெரியவர்களுக்கு 548 டாலர், அபிக்கு 411. கோபன்ஹேகனில் இறங்கி மாறி, வெள்ளி காலை 10:15க்கு ஆஸ்லோ. இமிகிரேஷனில் ஓட்டல் ரசீதைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான்.

வெளியே வந்தால் அண்ணன் நிற்கிறார். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். முன்நெற்றி ஏறிப்போயிருந்தது, கையில் அபிக்கு ஒரு சின்ன மழைக்கோட்டு. வதனி நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள். இருவரும் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. “மெலிஞ்சிட்டாய்” என்றார் அவர். “நீங்களும்தான்” என்றாள் இவள். அபி என் சட்டையை இழுத்து, “அப்பா, ஹூ இஸ் ஹி?” என்று கேட்டாள். போனில் வாராவாரம் பேசுகிற மாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர். ரயிலில் இருபது நிமிடம், ஆளுக்கு 130 குரோனர், அதாவது பதினான்கரை டாலர். எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தோம். பேச்சு இழுபறியாக இருந்ததால், சும்மா இருக்காமல் நான் ஃபைலை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் ஆஸ்லோவில் டிராம் ஓட்டுநர். ஒவ்வொரு தாளாகப் பொறுமையாகப் பார்த்தார்.

“மச்சான், இது வார நாள் அட்டவணை. ஞாயிற்றுக்கிழமை உந்த நேரத்துக்கு டிராம் இல்லை” என்றார். அதற்குக் கீழேயே ‘அண்ணா வீடு’ ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதையும் படித்தார். அடுத்த தாளைத் திருப்பினார். அதற்கு அடுத்தது வதனியின் விசா படிவத்தின் நகல் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இதை ஆர் நிரப்பினது?”

“நான்தான்” என்றேன்.

“கையெழுத்து வைச்சது நான், அண்ணா” என்றாள் வதனி.

அவர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பச்சை வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“நானும் உப்பிடித்தான் எழுதினனான்” என்றார் பிறகு. “அமெரிக்கா விசாவுக்கு. அங்க சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையெண்டு. ரெண்டு தரமும்.”

வதனி அவரையே பார்த்தாள். “ஏன் அண்ணா?”

“இஞ்ச இருக்கிற எங்கட பெடியள் சொன்னாங்கள். தங்கச்சி இருக்கிறாள் எண்டு எழுதினால், அங்கயே நிண்டிடுவன் எண்டு நினைப்பாங்களாம்.”

“எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே.”

“உன்னை இல்லையெண்டு எழுதிப்போட்டு, உன்னட்டையே அதை என்னெண்டு சொல்லுறது?”

வதனி முந்தானை இல்லாத ஊரில் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது, அதுதான் உண்மை.

ஸ்டேஷனிலிருந்து ஓட்டலுக்கு நடந்தே ஆறு நிமிடம். அறை ஒரு இரவுக்கு 1,090 குரோனர். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், மூன்று இரவையும் ரத்து செய்ய வேண்டும் என்றேன். முதல் இரவுக்குக் கட்டியாக வேண்டும், மற்ற இரண்டையும் விட்டுவிடலாம் என்றாள். அவள் காரணம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நானாகவே, “இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்” என்று சொன்னேன். இரண்டு மாதம் தாமதம், அதுவும் தப்பான கவுன்டரில்.

அண்ணன் வீடு நகரத்தின் கிழக்கே, மெட்ரோவில் இருபத்திரண்டு நிமிடம். அண்ணி கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துக் காத்திருந்தார். உள் அறையில் மூன்று படுக்கை விரித்திருந்தது. ஒன்றில் யானைப் படம் போட்ட சின்னத் தலையணை. ஓட்டல் என்று சொன்ன பிறகும் வாங்கியதா என்று வதனி கேட்டாள். “போன் வைச்ச உடன போய் வாங்கினவர்” என்றார் அண்ணி.

சனிக்கிழமை என் ஃபைலில் உள்ளபடியே வைக்கிங் கப்பல்களைப் பார்த்தோம். துறைமுகத்திலிருந்து படகில் போவது பஸ்ஸைவிட நல்லது. சிலைப் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது, குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.

ஞாயிறுதான் இந்தப் பயணத்தின் நல்ல பாகம். வெள்ளிக்கிழமை லீவுக்காக அண்ணன் ஞாயிறு ஷிப்டை மாற்றி எடுத்திருந்தார். அதனால் அவர் ஓட்டிய டிராமில் நாங்கள் மூவரும் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனோம், ஐம்பது நிமிடம். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று பலகை இருந்தது. வதனி அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கண்ணாடியில் அவர் அடிக்கடி அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பலகை இல்லாவிட்டாலும் அவர்கள் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை மதியம் 12:30 விமானத்தில் திரும்பினோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே கடைசியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். வெளியே சாப்பிடுவது கையைச் சுடும். இன்டர்நெட்டில் எடுத்த டிராம் அட்டவணை எந்த நாளுக்கு என்று பாருங்கள். விசா படிவத்தில் உறவினர் கட்டம் ரொம்பச் சின்னது, பெயரும் முகவரியும் அதில் அடங்காது. ஓரத்தில் எழுதுங்கள், எழுதாமல் விடாதீர்கள்.

இந்த வருடம் அண்ணன் மூன்றாம் முறை அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தார். அனுப்புவதற்கு முன் படிவத்தை எங்களுக்கு ஃபாக்ஸ் செய்தார். உறவினர் கட்டத்தில் தங்கை என்று எழுதி, வதனியின் முழுப் பெயர், எங்கள் அபார்ட்மென்ட் எண், தொலைபேசி எண் எல்லாம் ஓரம் வரை நெருக்கி எழுதியிருந்தார். கிடைக்குமா என்று ஐந்து வாரம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். கிடைத்தது. ஜூலையில் பதினோரு நாள் வந்து தங்கினார். அவருக்காகவும் நான் ஒரு ஃபைல் போட்டேன். அதில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது, அவர் விமானம் நியூவர்க்கில் இறங்கும் நேரம்.